பௌரோவின் கணக்குப் பாட்டு

பசிபிக் கடலில் இருக்கும் எங்கள் கிரிபாட்டித் தீவில் கள் இறக்கத் தென்னை ஏறுகிறவன் உச்சியில் பாடியே ஆக வேண்டும். எல்லாரும் காதல் பாட்டு பாடினால், அண்ணன் பௌரோ கணக்கைப் பாடுவான். புனல்போல் கூம்பிய தொட்டியில் நிமிடத்துக்கு இவ்வளவு தண்ணீர் விழுந்தால் மட்டம் என்ன வேகத்தில் ஏறும் என்று ராகம் போட்டு இழுப்பான். கீழே அம்மா சொக்கிப்போய் நிற்பாள்.

"அவனப் பாரு! நீயும் இருக்கியே, பாதியில பள்ளிக்கூடத்த விட்டு ஓடி வந்தவன்."

எனக்கு வயிறு எரிந்தது. அவன் நோட்டில் அந்தத் தொட்டிக் கணக்கில் ஆரம் 3 என்றிருந்ததை 8 ஆக்கிவிட்டேன்.

அவனுடைய கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள் அந்தக் கணக்கை நாலு தடவை போட்டான். வாத்தியார் சொன்ன விடை வரவே இல்லை.

"எனக்கு மண்டையில ஏறலடா. நாளைக்குப் போகல. இனிமே முழுசா உன்கூடவே கள் இறக்குறேன்."

நான் ஆசைப்பட்டதும் அதைத்தான். ஆனால் அவன் கண்ணைத் துடைத்ததைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"அது எட்டு இல்லண்ணே, மூணு. நான்தான் மாத்துனேன்."

"அட நாசமாப் போறவனே!"

ஓங்கிக் குட்டிவிட்டுத் திரும்பப் போட்டான். விடை வந்தது. உடனே மரமேறி முன்னைவிடச் சத்தமாகப் பாடினான், அம்மா கைதட்டினாள். மறுபடியும் எனக்கு எரிந்தது.

மறுநாள் அவனைப் பின்னால் உட்காரவைத்துப் பரீட்சை மண்டபம்வரை சைக்கிள் மிதித்தவன் நான்தான்.