குழையவிட்ட சோறு

"யாரு பாக்கி?" என்று பானை மூடியைத் தட்டிக் கேட்கிறாள் ஹாஜரா. மலாய் நாட்டுக் குயின் தெருவில் அவள் குடியிருக்கும் கடைவீட்டில் மதியந்தோறும் இந்தக் கேள்வி உண்டு. ஒரு வாய் பட்டினியாக இருந்தாலும் பானையைக் கழுவிக் கவிழ்க்க மாட்டாள்.

அவளுக்கு ஒரு கர்வமும் உண்டு. அவள் வடிக்கும் ரங்கூன் அரிசிச் சோற்றில் ஒரு பருக்கை இன்னொன்றைத் தொடாது. அடுத்தவர் வீட்டு விருந்தில் சோறு குழைந்திருந்தால், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்து, "பசை காய்ச்சி வச்சிருக்காங்க, சுவத்துல நோட்டீஸ் ஒட்டலாம்" என்பாள். கொஞ்சமும் இரக்கம் கிடையாது.

அவள் வீட்டு மாடியறையில் கொரியா தேசத்து கிம் வாடகைக்கு இருக்கிறார். ஜின்செங் வேர் விற்கிறவர். தளர்ந்த உடம்பைத் தூக்கி நிறுத்தும் வேர் என்று சீனர் கடைகளில் அதற்கு ஏக மதிப்பு. விற்கிறவரையே குளிர்காய்ச்சல் சாய்த்துவிட்டது. காய்ச்சல் இறங்கிய பிறகும் அவர் எதையும் வாயில் வைக்கவில்லை. கஞ்சி, ரசம், ரொட்டி எல்லாவற்றுக்கும் "தா மாவ்" என்று மலாயில் வேண்டாம் சொல்லிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். இனிச் சாப்பிட்டால்தான் பிழைப்பார் என்று டாக்டர் கைவிரித்துவிட்டார்.

"ஊரு பேரு தெரியாத இடத்துல, நம்ம வீட்டுல வந்து பட்டினியா மௌத்தாப் போகணுமா மச்சான்?" என்று கணவர் அப்துல் ரசாக்கிடம் கேட்டாள் ஹாஜரா.

நல்ல நாளில் கிம் முற்றத்து அடுப்பில் தானே சோறாக்கி, எள்ளுப்பொடி தூவி, கைக்குள் உருட்டித் துணியில் கட்டிக்கொண்டு வியாபாரத்துக்குக் கிளம்புவார். அது அவளுக்கு நினைவு வந்தது. எள்ளை வறுத்துப் பொடித்தாள். நெத்திலியைப் பொரித்து நொறுக்கினாள். நல்லெண்ணெய் விட்டுச் சோற்றைப் பிசைந்து பிடித்தாள். கையைத் திறந்ததும் உருண்டை பொலபொலவென்று உதிர்ந்தது. மறுநாளும் அதே கதைதான்.

பக்கத்து வீட்டு நோர்மா சிரித்துவிட்டாள். "கஞ்சிய வடிச்சு ஊத்திட்டா எப்படிக்கா ஒட்டும்? குழைய விடுங்கலா!"

"என் அடுப்புலயா?" என்று சீறினாள் ஹாஜரா.

ஆனாலும் அடுத்த நாள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, கஞ்சியை வடிக்காமலேயே பானையை இறக்கினாள். ரசாக் எட்டிப் பார்த்துப் பதறினார். "என்ன புள்ள, சோறு குழைஞ்சு கெடக்கு! ஒடம்புக்கு முடியலையா?"

"வெளிய சொல்லாதீங்க."

உப்புத்தண்ணீரில் கையை நனைத்து அழுத்திப் பிடித்தாள். உருண்டை நின்றது. வாழையிலையில் மூன்றை வைத்து ரசாக்கிடம் கொடுத்தனுப்பி, முக்காட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு பாதிப் படியில் நின்றாள். மேலே சத்தமே இல்லை. "தா மாவ்" வந்துவிடுமோ என்று காதைத் தீட்டிக்கொண்டாள்.

ரசாக் வெறும் இலையோடு இறங்கி வந்தார். "'லாகி'ங்கிறாரு. இன்னும் வேணுமாம்!"

ஹாஜரா அடுக்களைக்கு ஓடினாள். மிச்சச் சோறு முழுவதையும் பிடித்து மேலே அனுப்பினாள். அடிப்பிடித்திருந்ததைச் சுரண்டித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். பிறகு பானையைத் தேய்த்துக் கழுவி, முற்றத்து வெயிலில் கவிழ்த்தாள்.