ஆறு சனிக்கிழமைகள்

என்னிடம் முதல் தாள் இல்லாத ஓர் இங்கிலீஷ் நாவல் இருக்கிறது. சட்டைப் பைக்குள் அடங்கிவிடுகிற மலிவுப் பதிப்பு. ஓரமெல்லாம் பழுத்து, முதுகுப் பசை காய்ந்து உதிர்கிறது. அட்டையில் இருட்டுக் கடல், அதன்மேல் ஒரு பச்சை வெளிச்சம், கீழே பயந்த முகங்களாக மூன்று சிறிய போட்டோ. டெலிவிஷனில் தொடராக வந்த கதை என்று சிவப்பு எழுத்தில் போட்டிருக்கும். பழைய புத்தகம், தாள் எங்கேயோ உதிர்ந்திருக்கும் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். உதிரவில்லை. கிழித்தவள் நான்.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் பாலக்கரைப் பக்கம் எங்கள் வீடு. அப்பா ரயில்வேயில் குமாஸ்தா. நான் பி.ஏ. இங்கிலீஷ் இரண்டாம் வருஷம். அண்ணன் லண்டனுக்கு இன்ஜினியர் வேலைக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. கல்யாணமான எட்டாம் மாசமே கப்பலேறினவன். அண்ணி வையம்பட்டிப் பெண், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவள். அவளுக்கும் எனக்கும் இரண்டே வயசு வித்தியாசம் என்பதால் இங்கே ‘அவள்’ என்றே எழுதுகிறேன். நேரில் என்றைக்கும் ‘வாங்க, போங்க’தான்.

அண்ணனுடைய கடிதம் அப்பா பேருக்குத்தான் வரும். சாயங்காலச் செபம் முடிந்ததும் அப்பா அதை எல்லோருக்கும் உரக்கப் படிப்பார். அங்கே குளிர், வேலை, வாடகை அறை, வீட்டுக்காரக் கிழவியின் கெடுபிடி எல்லாம் வரும். கடைசி வரி அண்ணிக்கு. ‘அவளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும்.’ அந்த இடம் வந்ததும் அப்பாவே கூச்சப்பட்டுக் குரலைத் தணித்துக்கொள்வார். அடுப்படிக் கதவோரம் நின்று அண்ணி கேட்டுக்கொண்டிருப்பாள். கட்டின பெண்டாட்டிக்கு மாமனார் வாயால் ஒரே ஒரு வரி! எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வரும். அண்ணியோ, கடிதம் பெட்டிக்குள் போனதும் உலையில் அரிசி போடப் போய்விடுவாள்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு பார்சல் வந்தது. அப்பாவுக்கு ஒரு கம்பளி பனியன், ஒரு டப்பா சாக்லேட், எனக்கு இந்தப் புத்தகம். இந்தக் கதை ஆறு சனிக்கிழமை டெலிவிஷனில் வந்ததாம், அந்த நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காதாம், தானும் ஒன்றுவிடாமல் பார்த்தானாம், நான் இங்கிலீஷ் படிக்கிறவள் என்பதால் அனுப்புகிறானாம். நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிப்போய்ப் பிரித்தேன். முதல் தாளில் நீல மையில், உருண்டை உருண்டையான பெண் கையெழுத்தில், ‘நம்முடைய ஆறு சனிக்கிழமைகளுக்காக’ என்று இங்கிலீஷில் எழுதியிருந்தது. கீழே ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பெயர். அதற்குக் கீழே ஒரு முத்தக் குறி.

அவன் அந்தத் தாளைக் கவனிக்காமல் அனுப்பினானா, இல்லை தன்னால் சொல்ல முடியாததை நான் வீட்டில் சொல்லட்டும் என்று வேண்டுமென்றே அனுப்பினானா, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. இரண்டாவதுதான் என்று தோன்றுகிற நாட்களில் அவன் எதிரே இருந்தால் அறைந்துவிடுவேன் போல இருக்கும். அன்றைக்கு யோசிக்கவெல்லாம் நேரம் இல்லை. அண்ணிக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அப்பாவின் சவர பிளேடை எடுத்து, அடியோடு ஒட்ட அறுத்து, தாளை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அது எரிந்து முடிகிறவரை அங்கேயே நின்றேன்.

சாயங்காலம் அண்ணி வந்து அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரில் யாரும் டெலிவிஷனைக் கண்ணால் கண்டதில்லை. ரேடியோவுக்குக் கண்ணாடி வைத்த மாதிரி என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இத்தனூண்டு பெட்டிக்குள் கடலை எப்படி அடக்கினார்கள் என்று கேட்டாள். பிறகு, கதையை அவளுக்குத் தமிழில் சொல்லச் சொன்னாள். ஒரே மூச்சில் சொல்லக் கூடாதாம். ஆறு பாகம் ஆறு சனிக்கிழமை, அவன் எப்படிப் பார்த்தானோ அப்படி.

“அவங்க பாத்தத நானும் பாத்துடறேன். நடுவுல ஒரு வாரம் என்ன ஆகுமோன்னு அவங்க தவிச்சிருப்பாங்கல்ல, அதையும் சேத்து” என்றாள்.

எங்கள் வீட்டில் சனிக்கிழமைதோறும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிற வழக்கம். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் கையால் நன்மை என்கிற அப்பம் வாங்க வேண்டும் என்றால் முந்தின நாளே சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு வாங்கியாக வேண்டும் என்பது அப்பாவின் சட்டம். நாலு மணிக்கு அப்பாவும் அம்மாவும் கோயிலுக்குக் கிளம்புவார்கள். அவர்கள் திரும்பியதும் நானும் அண்ணியும் போவோம். நடுவில் கிடைக்கிற அந்த ஒன்றரை மணி நேரம்தான் எங்கள் டெலிவிஷன். அண்ணி வேர்க்கடலை வறுத்து வைப்பாள், தலை வாரிப் பூ வைத்துக்கொள்வாள். யார் வீட்டுக்கோ படம் பார்க்கப் போகிறவள் மாதிரி உட்காருவாள்.

கதை இதுதான். கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். வானத்திலிருந்து எதுவோ கடலில் விழுகிறது. அன்றிலிருந்து அந்த ஊர்க்காரர்களுக்கு, பக்கத்தில் இருப்பவர் மனசில் நினைப்பதெல்லாம் காதில் கேட்க ஆரம்பித்துவிடுகிறது. கடைக்காரன் நினைப்பு வாங்க வந்தவளுக்குக் கேட்கிறது, டாக்டர் நினைப்பு நோயாளிக்குக் கேட்கிறது. இரண்டே வாரத்தில் ஊர் பிய்ந்துபோகிறது. எழுதியவர் என்னமோ சாதாரணமாகத்தான் எழுதியிருந்தார். எனக்குத்தான் ஒவ்வொரு பக்கமும் நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாவது சனிக்கிழமை அண்ணி சிரித்துக்கொண்டே, அப்படி ஒன்று நம் தெருவில் விழுந்தால் முதலில் உன் மனசில்தான் காதை வைப்பேன், நீதான் இப்போதெல்லாம் உம்மென்று இருக்கிறாய் என்றாள். கல்லூரியில் யாரையோ பார்த்துவிட்டேன் என்று அவளுக்குச் சந்தேகம். நான் கடலையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

முதல் சனிக்கிழமை நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அன்றைய பாகத்தை முடித்துவிட்டுக் கோயிலுக்குப் போனோம். வரிசையில் அண்ணிக்குப் பின்னால் நின்றேன். என் முறை வந்ததும் மண்டியிட்டு, ஒரு புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்துவிட்டேன் சாமி என்றேன். யார் புத்தகம் என்று கேட்டார். என்னுடையதுதான் என்றேன். அந்தத் தாளில் என்ன இருந்தது, கெட்ட சமாசாரமா என்று கேட்டார். ஆமாம் சாமி என்றேன்.

“அப்படின்னா கிழிச்சது நல்லதும்மா. அந்த மாதிரி எது கண்ணுல பட்டாலும் கிழிச்சுப் போட்டுடணும்” என்றார்.

அந்தக் காலத்தில் ஆபாசப் படம் போட்ட பக்கங்களைக் கிழித்தெறியச் சொல்லிப் பிரசங்கமே வைப்பார்கள். அவர் அதை நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. வீட்டில் பொய் சொன்னேன் என்று பொதுவாக ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். மாதாவுக்கு மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பாரம் இறங்கிவிட்டது. சாமியாரிடம் சொல்லியாயிற்று, ஆண்டவர் மன்னித்தாயிற்று, இனி யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை என்று கணக்காக நினைத்தேன். அடுத்த ஐந்து சனிக்கிழமையும் அதே தைரியத்தில்தான் அவள் முகத்தைப் பார்த்துக் கதை சொன்னேன். பாரம் மறுபடி ஏறும், சாயங்காலம் போய் இறக்கிவைத்துவிட்டு வருவேன்.

ஆறாவது சனிக்கிழமை கதை முடிந்தது. ஒரு விஞ்ஞானி கடலில் கிடந்ததை வெடிவைத்துத் தகர்க்கிறார். ஊர் நிசப்தமாகிறது, எல்லோரும் கையைக் குலுக்கிக்கொள்கிறார்கள். அண்ணிக்கு அந்த முடிவு பிடிக்கவே இல்லை. கேட்டதெல்லாம் கேட்டாயிற்று, இனிமேல் காது அடைத்துக்கொண்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்றாள். அப்புறம் முந்தானையில் சுருட்டி வைத்திருந்த ஒரு தாளை எடுத்து என் முன்னால் விரித்தாள். கன்னியர் மடத்தில் ஆசிரியப் பயிற்சிக்கான விண்ணப்பம். அங்கே இருந்த சிஸ்டர் ஒருவர் அவளுக்காகவே ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். விடுதியோடு இரண்டு வருஷம், முடித்தால் அங்கேயே வேலை. திங்கட்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். அண்ணனுக்கு எழுதிக் கேட்டதற்கு, தேவையில்லை, அடுத்த வருஷம் நானே கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று பதில் வந்திருந்தது. அப்பா அவள் இஷ்டம் என்று விட்டுவிட்டார்.

“நீ சொல்லு. போகட்டுமா, இருக்கட்டுமா? நீ என்ன சொல்றியோ அதத்தான் செய்வேன்.”

போங்கள் என்று சொல்லியிருந்தால் போதும். ஒரே ஒரு வார்த்தை. ஏன் என்று கேட்பாளே, அண்ணன் வார்த்தையை மீறச் சொல்கிறாயே என்று கேட்பாளே, நான் உளறிவிடுவேனே என்று பயந்தேன். வீடு நாறிப்போகும், அப்பா தலை குனிவார் என்று பயந்தேன். அண்ணன் மனசு மாறிவிடலாம் என்று ஒரு நப்பாசையும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

“இருங்க அண்ணி. அண்ணன்தான் கூப்பிட்டுக்கிறேன்னு எழுதியிருக்குல்ல” என்றேன்.

அவள் தாளை மறுபடி சுருட்டிக்கொண்டாள். அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். நாங்கள் கோயிலுக்குக் கிளம்பினோம்.

அடுத்த வருஷம் அடுத்த வருஷம் என்று ஐந்து வருஷம் ஓடியது. நான் படிப்பை முடித்து, பயிற்சியும் முடித்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியை ஆனேன். அம்மா மண்டபம் சாலையில் ஒரு மாடி அறை, சைவச் சமையல் மட்டும் என்ற நிபந்தனையோடு. அப்படியிருக்கையில்தான் அண்ணனிடமிருந்து அந்தக் கடிதம் வந்தது. அவனுக்கு அங்கே ஒரு குடும்பம், நாலு வயசில் ஒரு பையன். அப்பா உரக்கப் படிக்காமல் மடித்து வைத்த முதல் கடிதம் அதுதான் என்று அம்மா பிறகு சொன்னாள். எங்கள் சபையில் விவாகரத்து கிடையாது, அண்ணிக்கு மறு கல்யாணமும் கிடையாது. மடத்துக்குப் போய்க் கேட்டதற்கு, வயசு வரம்பு தாண்டிவிட்டது, அப்போதே வந்திருக்கலாமே அம்மா என்று சிஸ்டர் கையைப் பிடித்துக்கொண்டு வருத்தப்பட்டிருக்கிறார். விடுதிப் பிள்ளைகளுக்குத் தலைவாரி, பேன் பார்த்து, துணி துவைத்துப் போடுகிற வேலைதான் கொடுக்க முடிந்தது. அண்ணி அதற்குச் சரி என்று சொல்லிவிட்டாள்.

வேலையில் சேர்ந்த மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து என்னைப் பார்க்க ஸ்ரீரங்கம் வந்தாள். சோப்பில் ஊறி விரல்களெல்லாம் வெளுத்திருந்தன. என் மேஜையில் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. அவற்றை ஆசையாகப் புரட்டிப் பார்த்து, இந்தப் பிள்ளை கையெழுத்து நன்றாக இருக்கிறது என்றாள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. தாள், அதில் இருந்த வார்த்தைகள், பிளேடு, அடுப்பு, சாமியார், மூன்று மந்திரம் எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டினேன்.

“எப்பக் கிழிச்ச?”

“வந்த அன்னைக்கே அண்ணி.”

“அப்ப, போகட்டுமா இருக்கட்டுமான்னு நான் கேட்டப்ப உனக்குத் தெரியும்.”

தலையை ஆட்டினேன். அவள் பரீட்சைத் தாள்களை ஒழுங்காக அடுக்கி மேஜைமேல் வைத்தாள். கோபமாகக்கூடப் பேசவில்லை. புரியாத ஒன்றைக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“தப்புப் பண்ணினது எனக்கு. மன்னிப்ப மட்டும் ஏன் சாமியார்கிட்டப் போய் வாங்கிக்கிட்ட?”

என் காபியைக் குடித்துவிட்டுத்தான் போனாள். பஸ் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகும் வந்தாள், போனாள். என் கல்யாணத்துக்கு அவள்தான் எனக்குப் பூ வைத்துவிட்டாள். அந்தப் பேச்சை மட்டும் நாங்கள் மறுபடி எடுக்கவில்லை. நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவதை நிறுத்திவிட்டேன். எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டதாக வீட்டில் பேசிக்கொள்கிறார்கள். அண்ணி இப்போது மடத்திலேயே முதியோர் பகுதியில் இருக்கிறாள். எண்பத்திரண்டு வயசு, காது மட்டும் கொஞ்சம் மந்தம். மாசம் ஒருமுறை போய்ப் பார்க்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேசினால் எல்லாம் கேட்கிறது. ஒவ்வொரு தடவையும் இன்றைக்கு அவளிடமே மன்னிப்பைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் கிளம்புகிறேன். கேட்டு, அவள் மாட்டேன் என்று சொல்லிவிட்டால் நான் எங்கே போவேன் என்று பயமாக இருக்கிறது.