பெவிலியன் இடம் மாறிய வாரம்

எங்கள் டென்னிஸ் சங்கத்தின் பொதுக்குழுவில் நான் முதன்முதலாக எழுந்து நின்றபோது, சங்கத்தின் விரிவாக்கமும் என் வேலையும் ஒரே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தன. புதிய கட்டடத்துக்கான சிமெண்ட் பெர்மிட் கைக்கு வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் சரக்கை எடுக்காவிட்டால் அது செல்லாது. கொடி மாறி ஓரிரு ஆண்டுகளே ஆகியிருந்த புதுச்சேரியில், பழைய அலுவலகம் பிரெஞ்சில் கேட்டதைப் புதிய அலுவலகம் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. இன்னொரு பெர்மிட் எப்போது கிடைக்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. விரிவாக்கத்துக்காகவே என்னைச் செயலராக அமர்த்தியிருந்தார்கள். விரிவாக்கம் இல்லையேல் நான் இல்லை.

நான் கல்லூரி மேடைகளில் பரிசு பெற்றவன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகுதியாகச் சொல்கிறேன். சங்கங்களில் பொறுப்பேற்கும் இளைஞர்கள் இதைப் படிப்பார்களானால், அந்தத் தகுதி எனக்கு எந்த அளவுக்கு உதவிற்று என்பதையும் அறிந்துகொள்ளட்டும்.

1. பொதுக்குழு

திட்டம் எளியது. இரண்டு களிமண் கோர்ட்டுகள் மூன்றாகும். ஓலைக் கொட்டகை போய், உடைமாற்றும் அறைகளும் அகன்ற வராந்தாவும் கொண்ட பெவிலியன் எழும். அதற்குக் குறித்த இடம் கடற்பக்க மதிலை ஒட்டிய தூங்குமூஞ்சி மரங்களின் அடி. மரங்களை வெட்டிவிட்டால் வராந்தாவில் கடற்காற்று வீசும் என்பது தலைவரின் ஆசை. தலைவர் ஊரறிந்த வழக்கறிஞர்.

அந்த மரத்தடியில்தான் சொல்தாக்கள் ஆடினார்கள். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியத்துடன் திரும்பியவர்களை எங்கள் ஊர் அப்படித்தான் அழைக்கும். அவர்களும் சந்தா கட்டும் உறுப்பினர்களே. ஆனால் மட்டையைத் தொட்டதில்லை. இரும்புக் குண்டுகளை எறிந்து ஆடும் பெத்தாங்க் ஒன்றே அவர்கள் ஆட்டம். அவர்களுக்கென்று வரைபடத்தில் தென்மேற்கு மூலையில் நீள்சதுரமாக ஓர் இடம் ஒதுக்கி, கோடு போட்டு, வேலியும் வரைந்திருந்தோம். தாராளம் என்றே நினைத்தோம்.

பேசினேன். சுதந்திர மண்ணில் உடல்வலிமையின் தேவை பற்றிப் பேசினேன். வளராத சங்கம் தேயும் என்று பேசினேன். மண்டபம் அதிர்ந்தது. சொல்தாக்களின் பெஞ்சுதான் அதிக நேரம் கைதட்டியது. பிறகு வாக்கெடுப்பு. அந்த பெஞ்சிலிருந்து ஒரு கைகூட உயரவில்லை. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், கிடைக்கவில்லை.

அவர்களில் மூத்தவரான லூர்து எழுந்தார். “தம்பி, ரேடியோல கூட நான் இப்படிக் கேட்டதில்ல. அதான் கை தட்டுனோம். கை தூக்கறதா யாரு சொன்னா?”

சிரிப்பு அடங்கக் காத்திருந்து தலைவர் கேட்டார்: “ஏம்ப்பா லூர்து, தனியா எடம் குடுத்து வேலியும் கட்டித் தர்றோம். இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு?”

“வேலி ஆட்டுக்குப் போடுங்க மேத்ரு.” வழக்கறிஞர்களை அவர்கள் அப்படித்தான் விளிப்பார்கள்.

“காரணத்தச் சொல்லுய்யா!”

“அது எங்க எடம். அவ்ளோதான்.”

கூட்டம் அடுத்த ஞாயிற்றுக்கு ஒத்திவைக்கப்பட்டது. படியிறங்கும்போது தலைவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அதுக்குள்ள அவனுங்கள மடக்கு. முடியலன்னா நீயும் வேற வேல பாத்துக்க.”

2. மரத்தடி

மறுநாள் மாலை, வெயில் இறங்குமுன்பே போனேன். என்னிடம் ஐந்து வாதங்கள் இருந்தன. முதலாவதைத் தொடங்கியதும் லூர்து விரலை உதட்டில் வைத்தார். தரையில் கீறிய வட்டத்துக்குள் ஒருவர் குண்டோடு நிற்கும்போது எவரும் பேசக் கூடாதாம். ஒருவர் எறிந்து முடித்தால் அடுத்தவர் வட்டத்துக்குள் வந்துவிடுவார். எனக்கு இடைவெளியே கிடைக்கவில்லை. கால் மாற்றி மாற்றி நின்றேன். வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் வாய்மூடி நின்றதில்லை.

பேச முடியாததால் பார்த்தேன். முதலில் ஒரு சிறு மரக்குண்டை வீசுகிறார்கள். அது நிற்குமிடமே இலக்கு. அடுத்த சுற்றில் இலக்கு வேறிடம், வட்டமும் வேறிடம். இந்த ஆட்டத்துக்கு எல்லையே தேவையில்லை. கோட்டுக்குள் ஆடிப் பழகிய எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எல்லையில்லாத ஆட்டத்துக்கு வேலி வரைந்திருந்தோம்.

ஆனால் எங்கும் வீசக்கூடிய அந்த மரக்குண்டு ஒருமுறைகூட வெயிலில் விழவில்லை. நிழல் மதிலை நோக்கி நகர நகர ஆட்டமும் நகர்ந்தது. எறிந்து முடித்தவர்கள் அடிமரத்தில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள். நாங்கள் கொடுத்த மூலையோ, ஒரு செடிகூட இல்லாத வெட்டவெளி.

“அந்த மூலையில வெயில் கஷ்டமா இருக்குமா, முசியே?” என்றேன்.

லூர்து என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வெயிலா? இந்தோசீனாவுல நாங்க பாக்காத வெயிலா? போ தம்பி, வேலயப் பாரு.” சொல்லிக்கொண்டே தம் முக்காலியை இன்னும் உள்ளே, நிழலுக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

3. ஒத்திவைத்த கூட்டம்

பெவிலியனை வடக்கே, தெருப் பக்கம் தள்ளினால் மரங்கள் தப்பும். மூன்றாவது கோர்ட்டுக்கும் பழுதில்லை. கடற்காற்றுதான் போகும். கட்டட வேலையைப் பார்க்கவிருந்த ஓவர்சியரிடம் கேட்டேன்: வெட்டிய மரத்தின் மிச்ச வேர் மட்கினால் அஸ்திவாரம் இறங்காதா?

“எறங்காதுன்னு சொல்ல முடியாது,” என்றார். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஞாயிறு வந்தது. என் நெஞ்சில் வேறொரு பேச்சு கொதித்துக்கொண்டிருந்தது. அயல்மண்ணில் காய்ந்து கருகித் திரும்பிய கிழச் சிங்கங்களுக்குத் தாய்மண்ணில் ஒரு மரநிழல் மறுக்கப்படுமா? இந்த ஒரு வினாவைத் தொடுத்திருந்தால் பெண்கள் பகுதியில் கண்ணீர் வந்திருக்கும். எழுந்தேன். லூர்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முக்காலியை இழுத்ததை நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும். நிழல் என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்தால் அந்த பெஞ்சு முழுவதும் எழுந்து வெளியேறிவிடும். வெயிலைத் தாங்க முடியாதவர்கள் என்று சபையில் பெயர் வாங்குவதைவிட, அவர்கள் வெயிலிலேயே செத்துப்போவார்கள்.

“வேரின் காரணமாகக் கட்டடத்தை வடக்கே மாற்றுவது நல்லது என ஓவர்சியர் கருதுகிறார். மூலையில் வேலி தேவையில்லை. திருத்திய வரைபடம் மேசைமேல் இருக்கிறது,” என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “வேருக்காகவாய்யா காத்த விடணும்?”

“ஆமாம் ஐயா. வேருக்காகத்தான்.”

லூர்து பக்கத்திலிருந்தவரிடம் எல்லோர் காதிலும் விழும்படிச் சொன்னார்: “வேரு பொல்லாதது. அஸ்திவாரத்தையே சாச்சிப்புடும்.” அவர் கை உயர்ந்தது. அந்த பெஞ்சின் கைகள் அத்தனையும் உயர்ந்தன.

வெளியே வந்த தலைவர் என் தோளைத் தட்டினார். “சிமெண்ட்ட எடுத்துடு. ஆனா இன்னிக்கு உன் பேச்சு உப்புசப்பில்லாம இருந்துச்சிய்யா.”

நான் மறுக்கவில்லை. மறுக்க என்னிடம் மிகச் சிறந்த சான்று இருந்தது: நெஞ்சிலேயே நின்றுவிட்ட அந்தப் பேச்சு. அதை இங்கே எழுதும்வரை எந்த மேடையிலும் எடுத்ததில்லை. இளம் செயலர்களே, எதிர்ப்பவரிடம் காரணம் கேட்டு நிற்காதீர்கள். அவர் இருக்குமிடத்துக்குப் போய்ப் பாருங்கள். பார்த்ததைச் சபையில் சொல்லித்தான் வெல்ல முடியும் என்றால், வெல்ல வேறு வழி தேடுங்கள்.