பாஸில் இருந்த முகம்

தேஹு ரோடு ராணுவ டெப்போவில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை கிடைத்தபோது முகமெல்லாம் பருவும் வடுவும். கேட் பாஸுக்குப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரர், வரன் பார்க்க அனுப்பும் படம் என்று நினைத்து, நெகட்டிவில் பென்சிலால் தீட்டி ஒரு பரு விடாமல் மறைத்துவிட்டார்.

தினமும் கேட்டில் சிப்பாய் பாஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “யே ஆப் ஹை?”, இது நீங்கள்தானா என்று சந்தேகப்படுவான். பின்னால் வரிசையே வேடிக்கை பார்க்கும். வேறு படம் ஒட்டக் கேட்டால், பாஸ் புதுப்பிக்கும்போது பார்க்கலாம் என்றார்கள்.

அதனால் காலையில், பரு எரிவதைப் பொறுத்துக்கொண்டு, படத்திலிருந்த முகம் வரும்வரை பவுடரை அப்பினேன்.

“யாருக்குடி இந்த மினுக்கு?” என்றாள் அம்மா.

“கேட்டுல நிக்கிறவனுக்கும்மா.”

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை.