டேப்பில் சொன்ன முகவரி

நம்புகிறவர்கள் நம்புங்கள். இது நடந்தது. என் மச்சானுக்கு, பட்டப்பகலில், அவன் ஆபீசிலேயே நடந்தது.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவன் டேப் பிரிவு. வருகிற அழைப்பெல்லாம் அங்கே டேப்பில் பதிவாகும். அதே ஆபீசில் அழைப்புகளை எடுப்பவள் அவன் அக்கா, அதாவது என் மனைவி. இது நடப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு பெண் போனில் மூச்சுத் திணறிப் பேச முடியாமல் இழுத்தாள். "விளையாட நாங்கதான் கிடைச்சோமா?" என்று கேட்டு இவள் போனை வைத்துவிட்டாள். அந்தப் பெண் செத்துப்போனாள். என் மனைவியை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டில் உட்காரவைத்தார்கள். விசாரணைக்கு முந்தின நாள்தான் இது நடந்தது.

"நீ கவலைப்படாதக்கா. அந்த இடத்தையே அழிச்சிடறேன்," என்றான் தம்பி. பெரிய வீரன்.

மதியம் அவன் பிரிவில் எல்லோரும் சாப்பிடப் போனதும் அந்த நாள் டேப்பை மாட்டினான். ஒரு நாள் முழுக்கப் பதிவானது. முதலிலிருந்து கேட்டால் ஒரு நாள் ஆகும். ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் முன்னால் இயந்திரம் நேரம் சொல்லும். அதனால் நேரே நடுவுக்கு ஓட்டிக் கேட்பான். வேண்டிய இடம் இன்னும் தள்ளி என்றால் மீதியில் பாதி ஓட்டுவான். தாண்டிவிட்டால் பாதி பின்னால். சில தாவலில் இடம் சிக்கிவிடும். அதில் அவன் கில்லாடி. அவனுக்கு வேண்டியது அந்தப் பெண் கூப்பிட்ட மாலை ஆறேகால்.

"மதியம் பன்னிரண்டு பத்து," என்றது இயந்திரம். பிறகு ஒரு பெண் குரல், இழுத்து இழுத்து...

"மூச்சு... விட முடியலை..."

செத்தவள் கூப்பிட்டது ஒரே ஒரு முறை. வேறு யாரோ என்று தேற்றிக்கொண்டு ஓட்டினான்.

"மாலை ஐந்து நாற்பது."

அதே குரல். "பச்சை கேட்டு... மாடி வீடு..."

கை நின்றது. அக்கா வீட்டு கேட்டும் பச்சைதான். ஊரில் பச்சை கேட்டுக்கா பஞ்சம்? ஓட்டினான்.

"இரவு ஒன்பது." தாண்டிவிட்டான்.

அங்கேயும் அதே குரல். "கதவு... திறந்துதான் இருக்கு..."

பின்னால் ஓட்டினான். விர்ர்ர்... க்ளிக்.

"மாலை ஆறேகால்."

"தம்பி..."

அவன் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனது.

"அழிச்சிடாதடா..."

கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினான்.

ஸ்ஸ்ஸ்ஸ்...

குரல் நின்றது. சுவர்க் கடிகாரத்தில் மணி ஒன்று இருபது.

சாயங்காலம் நான் வீடு திரும்பியபோது பச்சை கேட்டும் கதவும் திறந்துகிடந்தன. அவள் தரையில் கிடந்தாள். கையில் போன் இருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது.

அன்று மதியம் அழைப்புகளை எடுத்த பெண்ணைத் தேடிப் போய்க் கேட்டேன். ஒன்று இருபதுக்கு எங்கள் வீட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்ததாம்.

"பேச்சே இல்ல சார். ஒரே இரைச்சல். விளையாட நாங்கதான் கிடைச்சோமான்னு கேட்டுட்டு வெச்சிட்டேன்."

மச்சானை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அவள் போன பிறகும் விசாரணை நடந்தது. அந்த டேப்பைப் போட்டுக் காட்டினார்கள். ஆறேகால் மணிக்குச் செத்தவளின் அழைப்பு முழுசாக இருந்தது... என் மனைவி போனை வைக்கும் சத்தம் வரை.