மேற்குப் பக்கத்துக் கூரை

சென்ற ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை காலை, நியூசிலாந்தில், ஆக்லாந்தின் மங்கரேயில் ஒரு முதிய வெள்ளைக்காரத் தச்சரின் வீட்டு வாசலில், மணியை அழுத்தத் துணிவில்லாமல் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வயது எழுபத்தாறு.

நான் யாழ்ப்பாணத்தவன், ஓய்வுபெற்ற பொறியியலாளன். முப்பது ஆண்டுகளுக்கு முன், கூட வேலை செய்த ஒருவர் என்னை ஒரு பனிச்சறுக்குச் சங்கத்தில் சேர்த்துவிட்டார். ருவாபெஹு மலையில் அச்சங்கத்துக்கு ஒரு குடில் உண்டு. கூலிக்கு ஆள் பிடிக்காமல், ஆசிரியர், தாதி, லொறிச் சாரதி என்று உறுப்பினர்களே பலகையையும் சீமெந்தையும் முதுகில் சுமந்து ஏறிக் கட்டியது அது. நான் சேர்ந்த ஆண்டு கூரையை மாற்றினார்கள். மேற்குப் பக்கத்துப் போல்ட்டுகளை இறுக்குவது என் வேலை. பாதியில் மூடுபனி இறங்கியது, விரல்கள் விறைத்தன, இறங்கிவிட்டேன். வேலையை நடத்திய இந்தத் தச்சர், எல்லாம் இறுக்கியாயிற்றா என்று கேட்டார். படித்தவன் குளிருக்குத் தோற்றுவிட்டான் என்று சொல்ல வெட்கப்பட்டு, ஆம் என்றேன்.

அந்தக் குளிர்காலத்தில் பெரும்புயல் அடித்தது. குடிலில் பள்ளிப் பிள்ளைகள் தங்கியிருந்தார்கள். இரண்டு நாள் நான் வானொலியை விட்டு நகரவில்லை. கூரை தாங்கியது. அப்போதும் வாய் திறக்கவில்லை. மலைவேலைக்கு மறுபடி போகவே இல்லை. அதன்பின் காற்று எழுந்த ஒவ்வொரு குளிர்காலமும் எனக்குத் தண்டனைதான்.

அண்மையில், குடிலின் வரலாற்றை எழுதித் தரும்படி சங்கம் கேட்டது. கூரையைப் பற்றிய பகுதி வந்ததும் பேனா ஓடவில்லை. மனைவியிடம் சொன்னேன்.

"முப்பது வருசமா இதையோ வயித்துக்குள்ள வச்சிருந்தனீங்கள்? எழுதினது போதும். முதல்ல அந்த மனுசனிட்டப் போய்க் கதையுங்கோ. பிறகு வந்து சாப்பிடலாம்."

கடைசியில் மணியை அழுத்தினேன். தச்சர் நான் சொன்னதை முழுவதும் கேட்டார். பிறகு சிரித்தார்.

"பதினொரு போல்ட். அடுத்த சனிக்கிழமையே நான் இறுக்கிவிட்டேனே."

ஒரு வாரம் ஒருவர் செய்த வேலையை அடுத்த வாரம் இன்னொருவர் சரிபார்ப்பது அங்கே வழக்கமாம். நான் ஒரேயொரு வாரம் போனவன். எனக்கு அது தெரியாது.

"கழிப்பறைக் கதவை நான் தலைகீழாக மாட்டினேன். தொழிலே தச்சுவேலை எனக்கு. அதைக் கழற்றிச் சரியாகப் போட்டவர் ஒரு பல் வைத்தியர்," என்றார். பிறகு, "அந்தச் சனிக்கிழமை உன் கையிலேயே ஸ்பானரைத் தரலாம் என்று காத்திருந்தேன். நீதான் வரவில்லை."

வீட்டுக்கு வந்து, ஒரு வாய் கூட விடாமல் சாப்பிட்டேன். மறுநாள் கூரையின் கதையை, என் பொய்யையும் சேர்த்து, எழுதி முடித்தேன்.

அந்தப் பிள்ளைகள் இறுகிய கூரையின் கீழேதான் இருந்தார்கள் என்ற நிம்மதி இன்னும் குறையவில்லை. ஆனாலும், தவறு நேரும் என்று முன்பே எண்ணி அதற்கு இடம் வைத்திருந்த மனிதர்களிடமிருந்து முப்பது ஆண்டுகள் ஒளிந்திருந்தேனே என்பதை நினைத்தால், இப்போதும் தலை குனிகிறது.