இரண்டு முறை அடிபட்ட கடைசி வரி

அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனியில் பதினாறு வருடமாக நான் பார்க்கும் வேலையை ஒரே சொல்லில் சொல்வதென்றால், மறுப்பது. தொழிற்சாலை புக்கிட் தெங்காவில், ஆபீஸ் கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனில். கேட்ட தேதிக்குப் பெட்டி தர முடியாது, ஈரம் பட்ட சரக்கைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்பதையெல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும் மரியாதையாக எழுதி அனுப்புவேன்.

மன்னிப்புக் கேட்பதில் எனக்குத் தாராள மனசு. ஒரு கடிதத்தில் நாலு 'வருந்துகிறோம்' இல்லாவிட்டால் ஆளைத் திட்டிவிட்டதுபோல் இருக்கும். என் மேனேஜர் தமிழர்தான், என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னுடைய மறுப்புக் கடிதம் ஒவ்வொன்றும் அவர் மேசை டிரேக்குப் போய்ச் சிவப்பு மையில் குளித்துத் திரும்பும். அவருக்கு ஒரு வருத்தம் போதும். காரணம் இரண்டு சொன்னால் எதிராளி சொத்தையானதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவாராம். முக்கியமாக, 'வருங்காலத்தில் பரிசீலிக்கிறோம்' என்று முடிக்கவே கூடாது. அவர் வருவதற்கு முன் அப்படி நான் முடித்த ஒரு கடிதத்தை நம்பி, பட்டர்வொர்த் வியாபாரி ஒருவர் மூன்று மாதம் வாராவாரம் போன் செய்தார். எடுத்துப் பதில் சொன்னதும் நான்தான்.

போன வருடம் மேனேஜர் என்னை நாட்டின் தென்கோடியில் இருக்கும் ஜொகூர் கிளையின் பொறுப்பை ஏற்கச் சொன்னார். பெரிய பதவி. மேலிடத்தில் என் பெயரைச் சொன்னதே அவர்தான். வெள்ளிக்கிழமை எழுத்தில் பதில் வேண்டும் என்றார். எனக்குப் போக விருப்பமில்லை. புக்கிட் மெர்தாஜாமில் வீடு, காலையில் தீவுக்குப் போகும் பெர்ரி, அதில் தினமும் பார்க்கும் அதே நாலு முகம். இந்த வாழ்க்கை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் எனக்கு முன்னால் இப்படி மாட்டேன் என்ற ஒருவர் ஆறு மாதத்தில் வேலையை விட்டுப் போக வேண்டிவந்தது. எனக்கு வயது நாற்பத்தெட்டு.

வியாழக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கத்தில் ஆறு வருத்தம். மகளின் பரீட்சை, மாமியாரின் முழங்கால், என் இரத்த அழுத்தம். கடைசியில், 'வருங்காலத்தில் வாய்ப்பு வந்தால் நிச்சயம் பரிசீலிப்பேன்.' ஊருக்கெல்லாம் எழுதிய கைக்கு, தனக்கென்று வந்ததும் எல்லாம் மறந்துபோனது. மறுநாள் காலை அதை அவர் டிரேயில் வைத்துவிட்டு, சாப்பிடக்கூடப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு அவரே கொண்டுவந்தார். பக்கம் முழுக்கச் சிவப்பு. தன்னையே மறுக்கும் கடிதத்தையும் மற்றக் கடிதங்களைப் போலத் திருத்தியிருந்தார். ஐந்து வருத்தமும் பரீட்சையும் முழங்காலும் இரத்த அழுத்தமும் போயிருந்தன. பதவிக்கு நன்றி, பினாங்கிலேயே வேலை செய்ய விரும்புகிறேன், வருந்துகிறேன். இவ்வளவுதான் மிச்சம். கடைசி வரியை மட்டும் இரண்டு முறை அடித்திருந்தார்.

கோபமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

"இந்தக் கடைசி வரி வேணாம்க்கா. இது இருந்தா அடுத்த வருஷமும் நான் வந்து கேப்பேன் லா," என்றார். "கிளீனா டைப் பண்ணிக் கொண்டாங்க. நானே மேல பேசிக்கிறேன். நீங்க போயிட்டா இங்க யாரு எனக்கு முடியாதுன்னு எழுதறது?"

அப்பாடா என்று நெஞ்சுப் பாரம் இறங்கியது. டைப் செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கையெழுத்துப் போடும்போதுதான் பார்த்தேன், அந்த ஒற்றை 'வருந்துகிறேன்' கூட விட்டுப்போயிருந்தது. சேர்க்க மனம் வரவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை.